பியானோ சவுண்ட்போர்டில் பிரிட்ஜ் ஒட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிராண்ட் பியானோவுக்குப் புது சவுண்ட்போர்டு, அதாவது கம்பியின் அதிர்வை ஒலியாக்கும் மரப்பலகை, செய்யும்போது, அடியில் ரிப்புகள் (குறுக்குச் சட்டங்கள்) ஒட்டி, பலகைக்கு வளைவும் வந்த பிறகு அடுத்த வேலை, கம்பிகள் மேலே ஏறிக் கடக்கும் கட்டையான பிரிட்ஜை ஒட்டுவது. பசை தடவி கிளாம்ப் போடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியதுதான் நாள்கணக்கில் இழுக்கும். கேள்விகளும் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம், பலகை பியானோவுக்கு வெளியே மேசைமேல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியவை. கணக்குக்காகச் சுமார் 130 செ.மீ. நீளமும் அடியில் 32 மி.மீ. அகலமும் உள்ள நீள பிரிட்ஜ் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

வயலினில் பிரிட்ஜை ஒட்டுவதே இல்லையே, பியானோவில் மட்டும் ஏன் ஒட்டவேண்டும்?

வயலினில் கம்பிகள் பிரிட்ஜின் மேல் ஏறி நன்றாகவே மடங்கி இறங்குகின்றன. அந்த அழுத்தமே அதைப் பிடித்து வைக்கப் போதும். பியானோவில் கம்பி அப்படி மடங்குவதில்லை. பிரிட்ஜைக் கடக்கும்போது சுமார் ஒரு பாகைதான் கீழே வளைகிறது. ஏறத்தாழ 230 கம்பிகள், மொத்த இழுவிசை 17 டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகைக்குப் பலகைமேல் இறங்கும் அழுத்தம் 300 கிலோ அளவில்தான் இருக்கும். அது மீட்டர் கணக்கில் நீளும் பிரிட்ஜ் முழுவதும் பரவிவிடுகிறது. அதோடு, பிரிட்ஜின்மேல் அடித்திருக்கும் ஊசிகளுக்கிடையே கம்பி கொஞ்சம் கோணலாகப் போவதால் பக்கவாட்டிலும் ஒரு தள்ளல் உண்டு. ஒட்டு இல்லாவிட்டால் பிரிட்ஜ் நகரும், அதிரும், கரகரக்கும்.

எந்த மரம்?

பலகைக்கு ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அமெரிக்காவில் பெரும்பாலும் சிட்கா ஸ்புரூஸ். இத்தாலியின் பியானோ நிறுவனமான ஃபாட்சியோலி, வால் டி ஃபியெம்மே பள்ளத்தாக்கு ஸ்புரூஸைப் பயன்படுத்துகிறது. பிரிட்ஜுக்கு ஹார்ட் மேப்பிள் அல்லது பீச். ஒரே கட்டையில் வளைவை அறுத்தெடுத்தால் வளைவில் இழை குறுக்கே வெட்டுப்படும். அதனால் நல்ல பிரிட்ஜ்களில் மெல்லிய பட்டைகளைச் செங்குத்தாக அடுக்கி, அச்சில் வளைத்து ஒட்டுகிறார்கள். அப்போது இழை வளைவோடு சேர்ந்தே ஓடும். ஸ்டெயின்வேயின் முறையும் இதுதான்.

எந்தப் பசை சரி?

மூன்று வகை நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, நம் ஆசாரிகள் வஜ்ரம் என்று சொல்லும் தோல் பசை. நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து சுமார் 60 டிகிரி செல்சியஸில் உருக்கவேண்டும். 70 டிகிரியைத் தாண்டவிட்டால் பலம் குறையத் தொடங்கும். காய்ந்தபின் கெட்டியாக நிற்கும், பாரத்தில் நகராது, சூடும் ஈரமும் காட்டினால் பிரிந்துவரும். நாளைக்கு வேறு ஒருவர் இதே பியானோவைத் திறக்கப்போகிறார் என்ற நினைப்பு இருந்தால் இது நல்ல தேர்வு.

ஆனால் நேரம் கொடுக்காது. சூடான பாலில் ஆடை படிவதுபோல் தடவிய ஒரு நிமிடத்துக்குள் மேலே ஏடு கட்டத் தொடங்கிவிடும். அதன்மேல் பிரிட்ஜை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு கிடையாது. 130 செ.மீ. நீளத்துக்குப் பசை தடவி, வைத்து, எல்லா கிளாம்பையும் முறுக்குவதற்குள் முதலில் தடவிய முனை போய்விட்டிருக்கும். பழைய தொழிற்சாலைகளில் ஒட்டவேண்டிய பாகங்களைச் சூட்டு அறையில் வைத்து எடுத்தது இதனால்தான். வீட்டுப் பட்டறையில் பிரிட்ஜின் அடிப்பக்கத்தை ஹீட் கன்னால் வெதுவெதுப்பாக்கி, கூட ஒருவரை வைத்துக்கொண்டு செய்யலாம். கொஞ்சம் யூரியா சேர்த்தால் உறைவது தாமதமாகும். மே மாதச் சென்னை அறை வெப்பம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குச் சாதகம்.

இரண்டாவது, டைட்பாண்ட் போன்ற மஞ்சள் மரப்பசை. சில நிமிட அவகாசம் தரும், வாங்கவும் எளிது. இதிலும் தண்ணீர் இருக்கிறது என்பதை மறக்கவேண்டாம்.

மூன்றாவது, எப்பாக்சி. தண்ணீர் இல்லாததால் ஸ்புரூஸ் ஊதாது, சிறு இடைவெளிகளை நிரப்பும், மெதுவாக இறுகும் வகையை வாங்கினால் நிதானமாக வேலை செய்யலாம். குறை என்னவென்றால், பிரிப்பது பெரும்பாடு. அதோடு, இடைவெளியை நிரப்பும் என்ற தைரியத்தில் பொருத்தும் வேலையில் சோம்பல் வந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதன்முறை செய்பவருக்கு மஞ்சள் பசை. ஒத்திகை பார்க்கப் பொறுமையும் உதவிக்கு ஆளும் இருந்தால் வஜ்ரம்.

ஃபெவிகால் போதாதா? மேசை நாற்காலி எல்லாம் அதில்தானே நிற்கிறது?

சாதாரண வெள்ளை ஃபெவிகால் பி.வி.ஏ. வகை. ஒட்டும் பலத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓயாத பாரத்தில், அதுவும் வெப்பத்தில், பி.வி.ஏ. மெல்ல மெல்ல நகரும். நாற்காலிக்கு யாராவது உட்காரும்போதுதான் பாரம்; பிரிட்ஜுக்கு 24 மணி நேரமும், பல பத்தாண்டுகளுக்கு. வேறு வழி இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கவேண்டாம்.

பிரிட்ஜின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறது, பலகை வளைந்திருக்கிறது. கிளாம்ப் போட்டால் சேர்ந்துவிடாதா?

சேரும், ஆனால் யார் யாருக்கு வளைந்துகொடுப்பது என்பதுதான் விஷயம். பலகை நடுவில் 8 முதல் 10 மி.மீ., ஓரத்தில் அதைவிட மெல்லியது. பிரிட்ஜோ முப்பது மி.மீ. சொச்சம் உயரமுள்ள மேப்பிள் கட்டை. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் பலகைதான் தோற்கும். ரிப் ஒட்டிக் கஷ்டப்பட்டு வாங்கிய வளைவை இங்கே தொலைத்துவிட்டு, பிறகு கம்பியின் கீழழுத்தம் வரவில்லை என்று தேடவேண்டியிருக்கும். இறுகிய பசைக்கும் நிம்மதி இல்லை. பிரிட்ஜின் இரு முனைகளும் எப்போதும் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வளைவு என்று பார்த்தால் சின்னதுதான். பரவலாகப் பயன்படும் 18 மீட்டர், அதாவது 60 அடி ஆரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு நடு மேடு சுமார் 7 மி.மீ. பிரிட்ஜ் ஓடும் திசையில் உங்கள் பலகையில் எவ்வளவு இருக்கிறது என்பதை நேர்ச்சட்டம் வைத்து அளந்துகொள்ளுங்கள். ரிப்பின் திசையில் இருக்கும் அளவு அங்கே இருக்கவேண்டும் என்பதில்லை.

பொருத்துவதற்கு எனக்குப் பிடித்த முறை கார்பன் தாள். பிரிட்ஜ் உட்காரும் தடத்தில் கார்பன் தாளை மைப்பக்கம் மேலே வருமாறு பரப்பி, பிரிட்ஜை அதன் இடத்தில் வைத்துக் கையால் அழுத்தி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் அசைத்து எடுத்தால், முட்டும் இடங்கள் கறுப்பாகத் தெரியும். அந்த இடங்களை மட்டும் சின்ன இழைப்புளியாலோ ஸ்க்ரேப்பராலோ எடுக்கவேண்டும். முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். எடுக்க எடுக்கப் புள்ளிகள் கூடி, கடைசியில் அடிப்பக்கம் முழுவதும் சீராகக் கறுக்கும். கடைசி மெருகுக்குப் பலகைமேல் உப்புத்தாளை மணல்பக்கம் மேலாகப் பரப்பி, பிரிட்ஜை அதன்மேல் குறுகலாகத் தேய்க்கலாம். நிறைய தேய்த்தால் ஓரங்கள் உருண்டுவிடும், கவனம். பிறகு கார்பன் மை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடவேண்டும். மைமேல் பசை பிடிக்காது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, செய்தித்தாள் கீற்றுகளைப் பத்து செ.மீ.க்கு ஒன்றாகப் பிரிட்ஜுக்கு அடியில் வைத்து, மேலே லேசாகக் கையை வைத்து இழுத்துப் பாருங்கள். எது சுலபமாக வருகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

எவ்வளவு அழுத்தம் தேவை?

மஞ்சள் பசை தயாரிப்பாளர்கள் மென்மரத்துக்குச் சொல்வது ஒரு சதுர அங்குலத்துக்கு 100 முதல் 150 பவுண்டு. நம் கணக்கில் சதுர செ.மீ.க்கு 7 முதல் 10 கிலோ. நம் பிரிட்ஜின் அடிப்பரப்பு 130 × 3.2, சுமார் 416 சதுர செ.மீ. ஏழு கிலோ என்றாலே மொத்தம் 2,900 கிலோ! கிட்டத்தட்ட மூன்று டன்.

பல பட்டறைகளில் பயன்படும் வளைகுச்சி முறையில், அதாவது கோ-பாரில், குச்சி ஒன்றுக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, மொத்தம் 52 குச்சி வைத்தாலும் சுமார் 1,000 கிலோதான், சதுர செ.மீ.க்கு இரண்டரை கிலோ. காற்றை உறிஞ்சி அழுத்தும் வாக்குவம் பையில் இன்னும் குறைவு. காற்றழுத்தம் அவ்வளவுதான் என்பதால் எப்படிப் பார்த்தாலும் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவைத் தாண்டாது. அப்படியும் இந்த வழிகளில் ஒட்டிய பிரிட்ஜ்கள் நன்றாகவே நிற்கின்றன. காரணம் பொருத்தம்தான். இரண்டு பரப்பும் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால், அழுத்தத்தின் வேலை நடுவில் இருக்கும் அதிகப் பசையை வெளியேற்றுவது மட்டுமே. வளைக்கவும் இறுக்கவும் அழுத்தத்தை நம்பும்போதுதான் டன் கணக்கில் தேவைப்படுகிறது.

எப்பாக்சிக்கு நேர்மாறு: லேசான அழுத்தமே போதும். இரும்பு கிளாம்பை முழு வேகத்தில் முறுக்கினால் பசை எல்லாம் வழிந்து, ஒட்டில் ஒன்றும் மிஞ்சாது.

பலகையின் நடுவில் சாதாரண கிளாம்ப் எட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. பிரிட்ஜ் பலகை ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. கடையில் கிடைக்கும் ஜி-கிளாம்பின் வாய் அங்கே வராது. நீளக் கை உள்ள கிளாம்ப் கிடைக்கும், செய்தும் கொள்ளலாம். ஆனால் கை நீளமானால் முறுக்கும்போது அது வளைந்து, பிரிட்ஜைப் பக்கவாட்டில் இழுக்கும்.

கோ-பார் எளிமையானது. மேசைக்கு மேலே உறுதியான ஒரு தட்டு. அந்த இடைவெளியைவிடச் சற்றே நீளமான குச்சிகளை வளைத்து, ஒரு முனை மேல்தட்டிலும் மறுமுனை பிரிட்ஜிலுமாகப் பொருத்துவது. இதில் ஒரு வசதி: வளைந்த குச்சி தரும் விசை, அது கொஞ்சம் கூடுதலாக வளைந்தாலும் குறைவாக வளைந்தாலும் பெரிதாக மாறாது. அதனால் அழுத்தம் தானாகவே சீராக இருக்கும். மேல்தட்டையும் மேசையையும் நான்கு மூலையிலும் கம்பியோ சட்டமோ கொண்டு இணைத்திருக்கவேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஆயிரம் கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் முட்டுக்கொடுத்தால் போவது சீலிங்தான்.

மூன்றாவது வழி, பலகைக்கு அடியிலிருந்து ஸ்க்ரூ. பல தொழிற்சாலைப் பியானோக்களில் ரிப்புகளுக்கு நடுவே மர வாஷரோடு ஸ்க்ரூ தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இதில் முக்கியமானது, பலகையில் போடும் துளை ஸ்க்ரூவின் மரையைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். மரை பிரிட்ஜில் மட்டுமே பிடிக்கவேண்டும். பலகையிலும் பிடித்துவிட்டால், நடுவில் இருக்கும் இடைவெளி எவ்வளவு முறுக்கினாலும் மூடாது. அதை அப்படியே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். ஸ்க்ரூ மட்டும் போட்டு முடிப்பதைவிட, முனைகளில் ஸ்க்ரூ, நடுவில் கோ-பார் என்று கலந்து செய்வது எனக்குத் திருப்தி.

அடியில் என்ன முட்டுக்கொடுப்பது?

பலகையின் கீழே ரிப்புகள் நிற்பதால், மேசைமேல் வைக்கும்போது ரிப்புகள் மட்டுமே தாங்கும். இரண்டு ரிப்புக்கு நடுவே பலகை அந்தரத்தில் இருக்கும். மேலிருந்து அழுத்தும்போது அங்கே பலகை தொய்ந்து ஒட்டு வாய் திறக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஆகவே பிரிட்ஜின் தடத்தை அப்படியே பின்பற்றும் ஒரு தாங்குகட்டை செய்யுங்கள். பலகையின் வளைவு அதன் மேற்புறத்தில் இருக்கவேண்டும், ரிப் வரும் இடங்களில் வெட்டு விட்டிருக்கவேண்டும். ரிப்புக்கு இடைப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் கட்டை பலகையைத் தொடுகிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.

பசை தடவியதும் பிரிட்ஜ் வழுக்கி நகர்கிறதே?

நகரத்தான் செய்யும். தடுக்க, இரு முனைக்கும் அருகில் ஒவ்வொரு சிறு துளை போட்டு, தலை வெட்டிய ஆணியையோ மெல்லிய மர முளையையோ இட்டுவிடவேண்டும். இடத்தை முன்னதாகவே பியானோவின் கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்துக் குறித்திருக்கவேண்டும். பழைய பலகையிலிருந்து தெளிவான பிளாஸ்டிக் தாளில் படியெடுத்து வைத்திருந்தால் வேலை பாதி குறையும்.

ஒரு மி.மீ. தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: கடைசி உச்சச் சுரத்தில், அதாவது 88ஆவது கட்டையில், அதிரும் கம்பியின் நீளமே சுமார் 50 மி.மீ. அங்கே ஒரு மி.மீ. என்பது 2 சதவீதம். அதே சுருதிக்கு இழுக்கும்போது இழுவிசை 4 சதவீதம் மாறும். பேஸ் பக்கம் அதே தவறைக் கண்டுகொள்ள முடியாது. எனவே இடம் குறிக்கும்போது ட்ரெபிள் முனையிலிருந்து தொடங்குங்கள்.

ஒத்திகை அவசியமா?

இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். பசை இல்லாமல் எல்லா குச்சியும், எல்லா கிளாம்பும் போட்டு, கடிகாரம் பார்த்து ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள். எந்தக் குச்சி எங்கே என்று எண் எழுதிவையுங்கள். முழு அழுத்தமும் போட்டபின் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஓரம் முழுக்க விட்டுப் பாருங்கள், எங்கும் நுழையக்கூடாது. பசையின் அவகாசத்தைவிட ஒத்திகைக்கு அதிக நேரம் ஆகியிருந்தால், பசையை மாற்றுங்கள் அல்லது ஆளைக் கூட்டுங்கள். உண்மையான வேலையில் இன்னும் வேகமாகச் செய்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கையில் பசை இருக்கும்போது எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

எந்தப் பக்கமிருந்து இறுக்குவது?

நடுவிலிருந்து இரு முனைக்கும், அல்லது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. இரு முனையையும் முதலில் இறுக்கினால் பசை நடுவில் சிக்கிக்கொள்ளும். முதல் சுற்றில் லேசாக, இரண்டாம் சுற்றில் முழுதாக.

வழியும் பசையை எப்போது துடைப்பது?

மஞ்சள் பசை என்றால் ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் ஓரம் பிடித்து உரித்துவிடலாம். ஈரத்துணியால் தேய்த்தால் ஸ்புரூஸின் நார் எழும்பும், வார்னிஷ் போடும்போது கறையாகத் தெரியும். பலகைக்கு முன்பே வார்னிஷ் போட்டிருந்தால், பிரிட்ஜ் உட்காரும் தடத்தில் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டியிருக்கவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பேஸ் பிரிட்ஜுக்கும் இதே முறைதானா?

பொதுவாக ஆம், ஒரு வித்தியாசத்தோடு. பல பியானோக்களில் பேஸ் பிரிட்ஜ் நேராகப் பலகைமேல் உட்காராது. கீழே ஒரு அடிக்கட்டை, அதன்மேல் ஒரு தட்டு, அந்தத் தட்டின் விளிம்பில் பிரிட்ஜ் தொங்கிக்கொண்டிருக்கும். கம்பிக்கு நீளமும் வேண்டும், பலகையை ஓரத்திலிருந்து தள்ளி உள்ளே தொடவும் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. இதில் கம்பி போகும் இடத்தில், அதாவது தொங்கும் பகுதியில், அழுத்தினால் அடிக்கட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அழுத்தம் எப்போதும் அடிக்கட்டைக்கு நேர்மேலே. இரண்டு ஒட்டையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாமல், அடிக்கட்டையை முதலில் ஒட்டிக் காயவிட்டுப் பிறகு மேல்பாகத்துக்குப் போங்கள்.

சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதம் பிரச்சினை ஆகாதா?

ஆகும். காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால் மரத்தின் ஈரம் ஏழரை சதவீத அளவில் நிலைகொள்ளும். 75 சதவீதம் என்றால் 14 சதவீதத்துக்குப் போய்விடும். ஸ்புரூஸ் இழைக்குக் குறுக்கே ஊதும், இழை நெடுக ஊதுவது மிகக் குறைவு. ரிப் ஒட்டிய பலகை ஊதினால் வளைவு கூடும், காய்ந்தால் தணியும். ஐப்பசி மழையில் கார்பன் தாள் வைத்துப் பொருத்திவிட்டு, ஏ.சி. அறையில் இரண்டு வாரம் கழித்து ஒட்டப்போனால், நீங்கள் பொருத்திய பலகை அங்கே இருக்காது.

அளப்பது, பொருத்துவது, ஒட்டுவது மூன்றும் ஒரே ஈரப்பதத்தில் நடக்கவேண்டும். டீஹியூமிடிஃபையர் வைத்து 45 சதவீத அளவில் நிறுத்திய ஒரு அறையில் பலகையையும் பிரிட்ஜையும் சேர்த்தே சில நாள் வையுங்கள். பத்து ரூபாய் சேமிக்க மீட்டர் வாங்காமல் இருக்கவேண்டாம். ஒரு சாதாரண ஹைக்ரோமீட்டர் போதும்.

கிளாம்பை எப்போது எடுக்கலாம்? கம்பி எப்போது பூட்டலாம்?

மஞ்சள் பசை டப்பாவில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். முழு பலத்துக்கு 24 மணி நேரம். அவசரம் என்ன, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். வஜ்ரத்துக்கும் அதேதான், மழைக்காலம் என்றால் இன்னும் ஒரு நாள். பசையிலிருந்து மரத்துக்குள் போன தண்ணீர் வெளியேற அதற்கு மேலும் சில நாள் பிடிக்கும். அதற்கு முன்னால் கீழழுத்தத்தை அளந்து பிரிட்ஜின் உயரத்தை இழைத்துவிட்டால், பலகை அமர்ந்தபின் அளவு மாறியிருக்கும். பிரிட்ஜின் மேல்மூடிப் பட்டை ஒட்டுவது, ஊசித் துளை போடுவது, ஊசியருகே வெட்டு எடுப்பது எல்லாம் உயரம் முடிவான பிறகு.

பசையால் நாதம் மாறுமா?

வஜ்ரத்தில்தான் நாதம் என்று சாதிப்பவர்கள் உண்டு. நல்ல பொருத்தத்தில் பசை மெல்லிய ஒரு படலம்தான். பிரிட்ஜின் எடை, விறைப்பு, பலகையின் கனம் இவற்றின் முன்னால் அதற்கு எவ்வளவு சொல் இருக்கமுடியும் என்று எனக்குச் சந்தேகம். மோசமான ஒட்டு கேட்கும். நல்ல ஒட்டில் எந்தப் பசை என்று காதால் சொல்லிவிடலாம் என்பதை நான் நம்புவதில்லை.

வீட்டில் இருக்கும் பழைய பியானோவில் பிரிட்ஜ் முனை தூக்கியிருக்கிறது. முழுவதும் கழற்றவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விலகுவது அநேகமாக முனையில்தான், அதுவும் உச்சச் சுரப் பக்கம். முதலில் மெல்லிய தாள் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். அந்தப் பகுதியின் கம்பிகளைத் தளர்த்திவிட்டு, மெல்லிய பிளேடால் உள்ளே உள்ள பழைய பசைத் துகளை வழித்தெடுத்து, ஊசிமூலம் எப்பாக்சியை இறக்கி, அடியிலிருந்து மர வாஷரோடு இரண்டு ஸ்க்ரூ போட்டு இழுத்துவிடலாம். பழைய பசை வஜ்ரமாக இருந்தால் சூடான வஜ்ரமே அதோடு சேரும், ஆனால் ஊசியில் இறங்குவதற்குள் உறையாமல் இருக்க அந்த இடத்தை நன்றாகச் சூடாக்கவேண்டும். தாள் பத்து செ.மீ.க்கு மேல் உள்ளே போனாலோ, நடுவிலும் நுழைந்தாலோ, பலகையின் வளைவையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பலகை தட்டையாகிவிட்டிருந்தால், அங்கே சரிசெய்ய வேண்டியது ஒட்டை மட்டும் அல்ல.